இரண்டாவது லைன் எந்த வழியாகப் போகிறது?

2019 ஆகஸ்ட் 21 இரவு சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் நெட்வொர்க் படுத்துவிட்டது. பயணப் பதிவு முகப்புகள், பைகளைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு, விமான நேரம் காட்டும் திரைகள், வைஃபை, கடைகளின் கார்டு இயந்திரங்கள் என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் தடுமாறின. அடுத்த சில நாள்களுக்கு நாட்டின் தலைவாசலில் கைவேலைதான். விமானம் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பே வந்துவிடும்படி பயணிகளுக்கு அறிவிப்பு போனது. யாராவது வேண்டுமென்றே செய்திருப்பார்களோ என்ற சந்தேகத்தில் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனம் போலீஸில் புகாரும் கொடுத்தது. கோளாறு இருந்த இடமாக நிறுவனம் காட்டியது நெட்வொர்க்கின் நட்டநடுவில் இருந்த கோர் ஸ்விட்ச் கருவிகளைத்தான். அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவு பெரிய இடத்தில் மாற்று ஏற்பாடு இல்லையா என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று மாற்று ஏற்பாடே இல்லாத பெரிய நிறுவனம் அரிது. வங்கி, மருத்துவமனை, துறைமுக முனையம் என்று எங்கே போனாலும் கணினி அறையில் பெரும்பாலும் ரூட்டர் இரண்டு, கேபிள் இரண்டு, சில இடங்களில் இணையம் தரும் நிறுவனமும் இரண்டு. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த இரண்டாவது லைன் எந்த வழியாகப் போகிறது? அதைக் கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தீர்கள்? இந்த இரண்டுக்கும் உடனே பதில் சொல்லக்கூடிய நிர்வாகிகள் அதிகம் இருக்க மாட்டார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நம் நாட்டில் வங்கித் துறைக்கு வெளியே மிகக் குறைவு. அந்தக் கட்டாயம் வர வேண்டும்.

முதலில் இந்த இரட்டை இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே ஒரே கேபிள் இருந்தால், அது அறுந்த நொடியில் இரு பக்கமும் தனித்தனித் தீவு. ஆகவே இரண்டாவது கேபிள் போடுகிறார்கள். கேபிள் போட்டால் மட்டும் போதாது; முதல் கேபிள் செத்துவிட்டது என்று ரூட்டருக்குத் தெரிய வேண்டும். அதற்காக இரண்டு ரூட்டர்களும் ஓயாமல் ஒன்றுக்கொன்று ‘ஹலோ’ சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஓஎஸ்பிஎஃப் என்ற பரவலான வழிகாட்டு முறையில் வழக்கமான அமைப்பு 10 வினாடிக்கு ஒரு ஹலோ. 40 வினாடி பதில் இல்லையென்றால் எதிர்ப்பக்கம் போய்விட்டதாகக் கணக்கு. நாசி லெமாக் கடையில் வரிசையில் நிற்பவருக்கு 40 வினாடி ஒன்றுமில்லை. பணம் கைமாறும் நேரத்தில் அது நீண்ட காலம். அதனால் வினாடியின் சிறு பகுதிக்குள் அறுப்பைக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டி என்ற துணை முறையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கேபிளுக்குப் பதில் ரூட்டரே செத்துவிட்டால்? இரண்டு ரூட்டர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டு, ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று அந்த முகவரியை ஏற்றுக்கொள்ளும் விஆர்ஆர்பி முறை 1998இலேயே தரமாக வெளியாகிவிட்டது. ஆக இந்தத் தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. கால் நூற்றாண்டுப் பழையது, நன்றாகத் தேறியது.

விற்பனையாளர்கள் காட்டும் கணக்கும் இங்கிருந்துதான் வருகிறது. ஒரு லைன் ஆண்டில் 99 விழுக்காடு நேரம் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1 விழுக்காடு என்பது மூன்றரை நாளுக்கும் மேலான முடக்கம். அதே தரத்தில் இரண்டு லைன் இருந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பழுதானால், இரண்டும் ஒருசேரச் செத்துக் கிடக்கும் நேரம் ஆண்டுக்கு 53 நிமிடத்துக்கும் குறைவு. மூன்றரை நாள் எங்கே, 53 நிமிடம் எங்கே! கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டினால் எந்த இயக்குநரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்தக் கணக்கு முழுவதும் தொங்குவது ‘சம்பந்தமே இல்லாமல்’ என்ற இரண்டு சொல்லில். பழுதுகளில் பத்தில் ஒன்று மட்டும் இரண்டு லைனுக்கும் பொதுவான இடத்தில் நேர்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஆண்டு முடக்கம் 53 நிமிடத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் எகிறிவிடும். பத்தில் ஒன்று என்பது மிகவும் தாராளமான ஊகம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் இறங்கினால் அது தெரிந்துவிடும்.

அங்கே ஜாலான் துன் சம்பந்தனில் துணிக்கடை, பூக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, கணக்காய்வு அலுவலகம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் வந்த பிறகு பூக்கடைக்கும் இணையம் கல்லாப்பெட்டியின் பாகமாகிவிட்டது. கொஞ்சம் வசதியுள்ள முதலாளி என்ன செய்கிறார்? யூனிஃபை ஒன்று, மெக்சிஸ் ஃபைபர் ஒன்று என்று இரண்டு நிறுவனங்களிடம் வாங்குகிறார். மாதம் இரண்டு பில். சுவரில் இரண்டு பெட்டி. மனத்துக்கு நிம்மதி.

சுவருக்கு வெளியே கதை வேறு. 2008இல் அரசாங்கமும் தெலிகோம் மலேசியாவும் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தன. மொத்தச் செலவு 1130 கோடி ரிங்கிட், அதில் அரசின் பங்கு 240 கோடி. 2010 மார்ச்சில் தெலிகோமின் யூனிஃபை விற்பனைக்கு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் வீட்டு வாசல் வரை வரும் ஃபைபரை இழுத்தது அந்தத் திட்டம்தான். மற்ற நிறுவனங்கள் பல இடங்களில் அதே ஃபைபரை மொத்த விலைக்கு வாடகைக்கு எடுத்து, தங்கள் பெயரில் விற்கின்றன. இதில் தவறு எதுவும் இல்லை. ஆளுக்கொரு முறை தெருவைத் தோண்டினால் நகரம் தாங்காது. போட்டியும் விலைக்குறைப்பும் வந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். ஆனால் பாதுகாப்புக்காக இரண்டாவது லைன் வாங்கியவருக்குக் கிடைத்திருப்பது இரண்டு பில்லும் ஒரே குழியில் ஓடும் கண்ணாடி இழையும். எம்ஆர்டி, எல்ஆர்டி, குடிநீர்க் குழாய், கால்வாய் அகலப்படுத்தல் என்று ஏதாவது ஒரு பெயரில் ஆண்டு முழுவதும் தோண்டப்படும் ஊர் இது. மண்வாரி இயந்திரத்துக்கு எந்த இழை எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு என்று தெரியாது.

கிள்ளான்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நதி ஊரை வடக்கு, தெற்கு என்று பிரிக்கிறது. இரட்டை அடுக்குக் கோத்தா பாலத்தில் மேலே வண்டிகள் போன காலத்தில் கீழ்த்தளத்தில் ஆள்கள் நடந்தார்கள். இரண்டு தளம் இருந்தாலும் அது ஒரே பாலம். 2017இல் மூன்றாவது பாலம் திறக்கப்பட்டபோது அதை வேறோர் இடத்தில், வேறு சாலைகளோடு சேரும்படி கட்டினார்கள். பழைய பாலத்தோடு ஒட்டி இன்னொரு தளம் போட்டிருந்தால் யாரும் அதை மாற்று வழி என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். சாலைக்கு இருக்கும் இந்தப் பொதுப் புத்தி, கேபிள் என்று வந்ததும் காணாமல் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம்.

கடலுக்கடியிலும் இதே பாடம் ஒருமுறை கிடைத்தது. 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்முனையில் ஹெங்சுன் அருகே நிலநடுக்கம். கடலடி மண் சரிந்து ஒன்பது கேபிள்கள் அறுந்தன. மலேசியா உட்பட இந்த வட்டாரம் முழுவதும் இணையம் தவழத் தொடங்கியது. சரிசெய்ய 11 கப்பல்கள், 49 நாள்கள். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு நிறுவனமும் ‘எங்களுக்கு ஒன்றுக்கு மேல் கேபிள் இருக்கிறது’ என்றுதான் நம்பியிருந்தன. இருக்கத்தான் செய்தன. தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவில் உள்ள அதே நீரிணை வழியாகத்தான் அவற்றில் பலவும் போயின. முதலீட்டாளர் வேறு, பெயர் வேறு, கடற்படுகை ஒன்று.

தனி வழி கிடைக்கவே கிடைக்காதா என்றால், கிடைக்கும். இந்த விஷயத்தில் மலேசியா ஏழை நாடல்ல. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி புக்கிட் கூடா வரை முதல் ரயில் ஓடியது. அந்த ரயில்வேயோடு வளர்ந்த ஊர்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும், குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் அந்தக் குடியிருப்புகளில்தான் வாழ்ந்தார்கள். 1990களில் அதே ரயில்பாதை ஓரம் ஃபைபர் கேபிள் ஓடத் தொடங்கியது. அதை நடத்துவது கேடிஎம்மும் தெலிகோமும் பங்குதாரர்களாக இருக்கும் ஃபைபரெயில் நிறுவனம். இன்னொரு பக்கம் ஃபைபர்காம் நிறுவனம் தெனாகா நேஷனலின் உயரழுத்த மின்கோபுரங்கள் வழியாகத் தன் இழைகளைக் கொண்டுபோனது. டைம் நிறுவனம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஓரமாக இழுத்தது. ரயில், மின்கோபுரம், நெடுஞ்சாலை: ஒன்றில் விபத்து நடந்தால் மற்றதைத் தொடாத மூன்று வழித்தடங்கள். தொலைதூரப் பயணத்துக்கு இவை ஏற்கெனவே இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டு வாங்கினாலும் முடியும் இடத்தைப் பார்க்காவிட்டால் பயனில்லை. இந்த நாட்டின் நெட்வொர்க்குகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோலாலம்பூர் சங்காட் ராஜா சூலானில் உள்ள மெனாரா எய்ம்ஸ் அவற்றுள் மூத்தது. சைபர்ஜெயாவின் தரவு மையங்கள் அடுத்தவை. உள்நாட்டுப் போக்குவரத்து சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்த் திரும்பாமல் உள்ளூரிலேயே கைமாறட்டும் என்று 2006இல் தொடங்கப்பட்ட மைஐஎக்ஸ் பரிமாற்ற நிலையம் ஒரே கட்டடத்தில் அடங்காமல் பல இடங்களில் முனை வைத்திருக்கிறது. அந்த முன்யோசனை வாடிக்கையாளருக்கும் வேண்டும். ரயில் வழியாக ஒன்று, நெடுஞ்சாலை வழியாக ஒன்று என்று வாங்கிவிட்டு, இரண்டையும் ஒரே கட்டடத்தின் ஒரே அறையில் கொண்டுபோய்ச் செருகினால் அந்த அறை பூட்டிக்கொள்ளும் நாளில் இரண்டும் போய்விடும்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் நதி ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தபோது, மக்கள் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறிய இடங்களில் பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் போன இடங்களில் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. இரண்டு ரூட்டர், இரண்டு கேபிள் எல்லாம் சரி, இரண்டும் தரைத்தளத்தில் ஒரே மின்கல அடுக்கை நம்பி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டிய ஊர்கள் நதியோரம் நிறைய.

இதுவரை சொன்னது இரட்டிப்பு போதாமல் போன கதை. இரட்டிப்பே வினையான கதையும் உண்டு, அது பலருக்கும் தெரியாது. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2002 நவம்பரில் நான்கு நாள்கள் காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் ஆள் ஓடிக் கொடுத்தார்கள். அங்கே கேபிள் குறையவில்லை. மாறாக, ஆண்டுக்காண்டு சேர்த்துச் சேர்த்து நெட்வொர்க் அளவுமீறி வளர்ந்திருந்தது. ஸ்விட்ச்களுக்கு நடுவே இரண்டு பாதை இருந்தால் தரவு சுற்றிச் சுற்றி வட்டமடிக்கும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க ஒரு பாதையை வேண்டுமென்றே மூடிவைக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்தார். அந்த முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இத்தனை கைமாற்றத்துக்கு மேல் போகக்கூடாது என்று. மருத்துவமனை நெட்வொர்க் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பெரும் தரவு ஒன்று பாய்ந்ததும் மூடிவைத்த பாதைகள் குழம்பித் திறந்தன, வட்டம் தொடங்கியது. மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹாலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார். இன்றைக்கும் மருத்துவமனைக் கணினித் துறையில் அந்தச் சம்பவத்தைப் படிக்கிறார்கள் என்றால், அவர் வாய் திறந்ததால்தான்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உலகப் பாடத்தில் இருக்கிறது. 2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, மலேசிய நேரம் மாலை 4.43. தெலிகோம் மலேசியா தன் நெட்வொர்க்கை மாற்றியமைத்துக்கொண்டிருந்தது. பெரிய நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வதேச நிறுவனங்களோடு இணைப்பு வைத்திருக்கும். ‘எந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்’ என்று ஒவ்வோர் இணைப்பிலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். அன்று சுமார் 179,000 வழிகளை, தன்னுடையவை அல்லாதவற்றையும் சேர்த்து, லெவல் 3 என்ற பெரும் அமெரிக்க நிறுவனத்துக்கு ‘என் வழியாக வாருங்கள்’ என்று தெலிகோம் அறிவித்துவிட்டது. லெவல் 3 வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டது. உலகத்தின் ஒரு பெரும் பகுதிப் போக்குவரத்து கோலாலம்பூரை நோக்கித் திரும்பியது. இரண்டு மணி நேரம்போல உலகெங்கும் இணையம் திணறியது. தெலிகோம் மன்னிப்புக் கேட்டது. அங்கே எந்தக் கேபிளும் அறுபடவில்லை. பல இணைப்புகள் இருக்கும்போது எதில் எதைச் சொல்வது, எதிர்ப்பக்கம் எதை ஏற்பது என்ற விதிகள் தளர்ந்ததுதான் வினை.

கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய நெட்வொர்க் விழுந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். கடைகளில் டெபிட் கார்டும் வேலை செய்யவில்லை. பழுதைப் பார்க்கப் போக வேண்டிய பொறியாளர்களால் சொந்த ரூட்டர்களையே எட்ட முடியவில்லை. ரூட்டர்களை நிர்வகிக்கும் தனி வழி என்று வைத்திருந்ததும் அதே மைய நெட்வொர்க்கின்மேல்தான் ஓடியது. பூட்டின் சாவியைப் பூட்டிய அறைக்குள்ளேயே விட்டதுபோல.

எல்லாவற்றிலும் கவனம் பெறாதது சோதனை. முதல் லைன் செத்தால் மணி அடிக்கும், எல்லோரும் ஓடி வருவார்கள். சும்மா படுத்திருக்கும் இரண்டாவது லைன் செத்தால் யாருக்கும் தெரியாது. அதன்மேல் போக்குவரத்து இல்லை, ஆகவே புகார் இல்லை. மாதக்கணக்கில் செத்துக் கிடந்துவிட்டு, முதல் லைன் போகும் நாளில்தான் அது செத்தது வெளியே வரும். இரண்டு லைனையும் சேர்த்து ஓட்டுபவர்களுக்கு வேறு பொறி காத்திருக்கிறது. ஆளுக்கு 60 விழுக்காடு சுமை. எல்லாம் வேகமாக இருக்கிறது, மேலாளருக்கு மகிழ்ச்சி. ஒன்று அறுந்தால் மிச்சமிருக்கும் ஒன்று 120 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும், அது நடக்காது. பெயருக்கு இரட்டை, உண்மையில் இரண்டும் வேண்டியிருக்கும் ஒற்றை. ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே ஓடினால்தான் அது மாற்று. பாதி காலியாக ஓடும் லைனுக்குப் பணம் கட்டுவானேன் என்று கணக்குப் பிரிவு கேட்கும் இடமும் அதுதான்.

சோதனை என்றால் பெரிய மந்திரம் இல்லை. அறிவித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு, முதல் லைனைப் பிடுங்க வேண்டும். எத்தனை வினாடியில் மாறுகிறது, எது நின்றது, திரும்பச் செருகினால் பழையபடி திரும்புகிறதா என்று எழுதி வைக்க வேண்டும். நம் அலுவலகங்களில் இதற்கு முதல் எதிரி தொழில்நுட்பம் அல்ல. “நல்லா ஓடிக்கிட்டிருக்கு பாஸ், எதுக்குத் தொடணும்?” என்ற பயம்தான். பிடுங்கி, திரும்ப வராமல் போனால் பழி பிடுங்கியவர்மேல். பிடுங்காமல் விட்டு, ஒருநாள் தானாகப் போனால் பழி மண்வாரி இயந்திரத்தின்மேல். ஊழியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இதை ஊழியரின் துணிச்சலுக்கு விடாமல் மேலிருந்து விதியாக்க வேண்டும்.

விதியாக்கினால் நடக்கும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர்க் கொள்கை வங்கிகளுக்குத் தெளிவாக எண் போட்டுச் சொல்கிறது. வாடிக்கையாளரைத் தொடும் முக்கியச் சேவைகள் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது. ஒரு தடவைக்கு 120 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. முக்கிய நெட்வொர்க்கில், ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற ஒற்றைப் புள்ளி இருக்கக்கூடாது. வங்கிகள் முணுமுணுத்தாலும் செலவு செய்தன. ஏடிஎம்முக்கு முன்னால் நிற்பவருக்கு இந்தக் கொள்கையின் பெயர் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வங்கிக்கு வெளியே? 2024 ஆகஸ்ட் 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. போக்குவரத்து, சுகாதாரம், தண்ணீர், எரிசக்தி உட்பட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்புகள் ஆண்டுக்கு ஒருமுறை இடர் மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் செய்தாக வேண்டும். நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் அது ‘சம்பவம்’ என்று வரையறுப்பது அனுமதியில்லாமல் கணினியில் செய்யப்படும் செயலை. அதாவது தாக்குதல். 2025 மார்ச் 23 அன்று மலேசியா ஏர்போர்ட்ஸைத் தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிமே அறிவித்தார். அது இந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வரும். 2019இல் கோர் ஸ்விட்ச் தானாகப் பழுதானதுபோல ஒன்று நாளை நடந்தால், அந்த வரையறைக்குள் அது அடங்காது. பயணிக்கு என்ன வித்தியாசம்? திருடன் வந்து கதவை உடைத்தாலும், கதவு தானாகக் கழன்று விழுந்தாலும், அவர் விமானத்தைத் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

ஆகவே புதுச் சட்டம்கூட வேண்டாம். அதே 11 துறைகளுக்கு, அதே ஆண்டு மதிப்பீட்டோடு இரண்டு பக்கம் சேர்த்தால் போதும். முதல் பக்கம், இரண்டு லைனும் ஓடும் வழி: குழி, பாலம், தொலைபேசி நிலையம், மின்சாரம், போய்ச் சேரும் கட்டடம், எங்கெல்லாம் ஒன்றாகின்றன. இரண்டாவது பக்கம், பிடுங்கிப் பார்த்த நாள், நேரம், எத்தனை வினாடியில் மாறியது. முதல் பக்கம் ரகசியமாக இருக்கட்டும். கேபிள் வரைபடத்தை ஊரெல்லாம் ஒட்டச் சொல்வது மடமை என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாட்டு அமைப்பும் பணம் கட்டும் வாடிக்கையாளரும் பார்த்தால் போதும். ‘பாதுகாப்புக் காரணம்’ என்று சொல்லி வாடிக்கையாளருக்கே மறுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். இரண்டாவது பக்கத்தை வெளியிடுவதில் யாருக்கும் ஆபத்து இல்லை. பதினொன்றுக்கும் ஒரே நாளில் வேண்டாம் என்றால், நோயாளிகள் குவியும் அரசு மருத்துவமனைகளிலிருந்து தொடங்கலாம். கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற ஒன்றில் பதிவேடு நான்கு நாள் காகிதத்துக்குத் திரும்பினால் வரிசை எங்கே போய் நிற்கும் என்று அந்த ஊர் மக்களைக் கேட்டால் தெரியும்.

செலவு என்ற வாதம் வரும். தனி வழியில் இரண்டாவது ஃபைபர் விலை அதிகம்தான், மறுக்க முடியாது. அதைப் பூக்கடை வாங்க வேண்டாம். பூக்கடைக்கு மலிவான மாற்று கைப்பேசி இணைப்பு. அது மண்ணுக்கடியில் இல்லாமல் காற்றில் வந்து சேர்கிறது, கடை வாசலில் நடக்கும் தோண்டலுக்குத் தப்பிவிடும். அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. செல்கோம் சிம் ஒன்று, டிஜி சிம் ஒன்று வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் ‘ரெண்டு கம்பெனி’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று இரண்டும் ஒன்றாக இணைந்துவிட்டன. அதன்பின் கோபுரங்களையும் ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கும் வேலை நடந்தது. 5ஜி இன்னும் சுவையானது. 2021 டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரில் 5ஜி தொடங்கியபோது நாடு முழுவதற்கும் டிஜிட்டல் நேஷனல் என்ற ஒரே மொத்த நெட்வொர்க்; எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் 5ஜி அதன் கோபுரத்திலிருந்துதான் வந்தது. ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற அச்சமும் சேர்ந்துதான் இரட்டை நெட்வொர்க் கொள்கைக்கு அரசாங்கத்தைத் தள்ளியது. 2024 நவம்பரில் இரண்டாவதை அமைக்க யூ மொபைல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த இரண்டாவதின் கோபுரங்களுக்குப் பின்னால் ஓடும் ஃபைபர் முதலாவதின் ஃபைபரோடு எத்தனை இடத்தில் ஒரே குழியில் படுத்திருக்கிறது என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பூக்கடைக்காரர் செய்யக்கூடியது இவ்வளவு: ஃபைபர் ஒரு நிறுவனம், சிம் அதோடு சம்பந்தமில்லாத வேறொரு நிறுவனம், கடை அடைத்த பிறகு மோடத்தின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு ரிங்கிட்டை டூயிட்நவ்வில் அனுப்பிப் பார்ப்பது. அது 5ஜியில் போனால், கைப்பேசியை 4ஜிக்கு மாற்றி இன்னொரு முறை. கல்லாவில் இருக்கும் தம்பியோ தங்கச்சியோ அதைத் தனியாகச் செய்யத் தெரிந்துகொள்ளும் வரை மாதம் ஒருமுறை. தீபாவளி விற்பனை தொடங்கும் வாரத்துக்கு முன்னால் கட்டாயம்.